மேட்சிங் கடை ரிப்போர்ட்டில் கணக்கு உதைக்கிறதா? அறிகுறியைப் பார்த்துத் தேடுங்கள்

ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ், பாவாடைத் துணி என்று மீட்டரில் வெட்டிக் கொடுக்கிற மேட்சிங் கடை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பில்லிங் மென்பொருள் இப்போது சின்ன ஊர்க் கடைகளிலும் வந்துவிட்டது. ஆனால் அதில் வருகிற ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கொள்முதலுக்குப் போகிறவர்கள் குறைவு. ஒரு தடவை நம்பிப் போயிருப்பார்கள், வாங்கி வந்து அடுக்கும்போது அதே நிறத்தில் இரண்டு தான் (வெட்டாத முழுத் துணிக் கட்டு) மேல் தட்டில் படுத்திருக்கும், அன்றோடு நம்பிக்கை போய்விடும்.

சோப்பு விற்கிற கடையில் ஒன்று விற்றால் ஒன்று குறையும். நாம் கத்தரிக்கோல் வைத்து விற்கிறோம், அதனால் நம் கணக்கில் கசிவு வருகிற இடங்களே வேறு. எங்கள் கடை திண்டுக்கல் பக்கம், டூ பை டூ என்கிற ரவிக்கைத் துணியில் மட்டும் இருநூறுக்கு மேல் ஷேடு, அதாவது எண் போட்ட நிறச் சாயல்கள், வைத்திருக்கிறோம். கீழே இருக்கிற ஒவ்வொன்றும் எங்கள் கடையில் வந்து, தேடிக் கண்டுபிடித்துச் சரி செய்ததுதான். எந்த மென்பொருள் என்பது முக்கியமில்லை. பொருள்வாரி விற்பனை, கையிருப்பு, நாள் முடிவு என்ற மூன்று ரிப்போர்ட்டும் எல்லாவற்றிலும் இருக்கும். அதோடு ஒரு இஞ்ச் டேப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கையிருப்பில் மைனஸ் காட்டுகிறது

இதைப் பார்த்ததும் நிறையப் பேர் அந்த எண்ணை அழித்துப் பூஜ்யம் ஆக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், தப்பு எங்கே நடந்தது என்பதற்கு நம்மிடம் இருக்கிற ஒரே தடயம் அந்த மைனஸ்தான்.

முதலில் கொள்முதல் பில் ஏறியதா என்று பாருங்கள். லாரி செட்டிலிருந்து பேல் (துணிப் பொதி) வந்த அன்றே பிரித்து அலமாரியில் வைத்து விற்கத் தொடங்கிவிடுவோம், பில் இரண்டு நாள் கழித்துத்தான் கம்ப்யூட்டரில் ஏறும், அந்த இரண்டு நாளும் மைனஸ் ஓடும். இது தானாகச் சரியாகிவிடுகிற வகை.

பில் ஏறியும் மைனஸ் நிற்கிறதென்றால், அதே அளவு வேறு எந்த ஷேடிலாவது கம்ப்யூட்டர் கணக்கில் மிச்சமாக நிற்கிறதா என்று தேடுங்கள். எங்களுக்கு ஒரு முறை ஷேடு 114-இல் மைனஸ் 3.20 மீட்டர் காட்டியது. 3.20 என்றால் 80 சென்டிமீட்டரில் நான்கு ரவிக்கை. ரிப்போர்ட்டை மேலும் கீழும் பார்த்தபோது 141-இல் கம்ப்யூட்டர் சொன்னதைவிட அலமாரியில் சரியாக 3.20 குறைந்திருந்தது. ஒரே வீட்டுக்காரர்கள் நான்கு பேருக்கு எடுத்த துணியை 141 என்பதற்குப் பதில் 114 என்று அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எண் இடம் மாறுவது, பக்கத்து நிறத்தில் பில் விழுவது இரண்டும்தான் மைனஸுக்குப் பெரும்பாலும் காரணம். கையால் அடிப்பதை நிறுத்தி, தானின் அட்டையில் பார்கோடு ஒட்டிவிட்டால் இதில் முக்கால்வாசி நின்றுவிடும். ஒட்டும்போது அட்டையின் உள்பக்கத்திலும் ஒன்று ஒட்டுங்கள், வெளியில் இருப்பது கை பட்டுத் தேய்ந்துபோகும்.

கம்ப்யூட்டரில் இருக்கிறது, தானில் இல்லை

துணிக்கடைக்கே உரிய தொல்லை இது. பில் எல்லாம் சரி, திருட்டும் இல்லை, ஆனாலும் ஒவ்வொரு தானின் முடிவிலும் ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர் காணாமல் போகும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 மீட்டர் தான், 80 சென்டிமீட்டர் ரவிக்கை. காகிதத்தில் 75 ரவிக்கை வர வேண்டும். வெட்டுகிற பிள்ளை மேசை விளிம்பில் குறித்த கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை தாண்டி, "அக்கா, கொஞ்சம் கூடத்தான் இருக்கு, எடுத்துக்கங்க" என்று வெட்டுகிறாள். அந்தக் கொஞ்சம் 2 சென்டிமீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெட்டும் 82 ஆகிவிடுகிறது. 73 ரவிக்கையோடு தான் முடிந்துவிடும், கையில் 14 சென்டிமீட்டர் துண்டு மிஞ்சும். கம்ப்யூட்டரோ 1.60 மீட்டர் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும். இதே கதை இருநூறு ஷேடில் நடந்தால், அலமாரியில் இல்லாத கிட்டத்தட்ட முந்நூறு மீட்டர் துணி ரிப்போர்ட்டில் சொத்தாக நிற்கும், அதைப் பார்த்து "ஸ்டாக் போதும்" என்று நீங்களும் ஆர்டர் போடாமல் இருப்பீர்கள்.

தாராளமாக வெட்டுவது தப்பில்லை. வாடிக்கையாளருக்கு அது பிடிக்கும், நானும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு தாராளம் என்று கடை முடிவு செய்ய வேண்டும். நாங்கள் 1 சென்டிமீட்டர் என்று வைத்து, மேசையில் 81-இல் பித்தளைக் கோடு பதித்துவிட்டோம். மாதக் கடைசியில் முடிந்துபோன தான்களுக்கு மட்டும் மிச்சத்தைத் "வெட்டுக் கழிவு" என்ற காரணம் போட்டுக் கணக்கிலிருந்து எடுக்கிறோம். காரணம் போடாமல் எடுத்தால் அடுத்த வருடம் அது என்னவென்று யாருக்கும் நினைவிருக்காது.

வெட்டும் சரியாக இருந்தும் குறைகிறதா? வரும்போதே குறைவாக வந்திருக்கும். தானின் மடிப்பு ஒரு மீட்டர் என்றுதான் எண்ணுவோம், அளந்து பார்த்தால் 98 இருக்கும். 60 மடிப்பில் 1.20 மீட்டர் போய்விட்டது. வியாபாரத்தில் இது தெரிந்த விஷயம்தான், மடிப்புக் குறைவுக்கு விலையில் கழித்துக் கொடுப்பவர்களும் உண்டு. ஆகவே புது பேல் வந்தால் ஒவ்வொரு வகையிலும் ஒரு தானையாவது பிரித்து, நடு மடிப்பில் டேப் வைத்துப் பாருங்கள். மேல் மடிப்பில் வைக்காதீர்கள், அது எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அளந்து வந்த நீளத்தையே கொள்முதலில் ஏற்றுங்கள், பில்லில் இருப்பதை அல்ல.

அதிகம் விற்ற பொருள் என்று "இதர துணி" முதலிடத்தில் வருகிறது

கூட்ட நேரத்தில் ஷேடு எண் தேட முடியாமல் ஏதோ ஒரு பொதுக் குறியீட்டை அழுத்திவிடுகிறார்கள் என்று அர்த்தம். பணம் கல்லாவுக்கு வந்துவிடும், நாள் முடிவு ரிப்போர்ட் அழகாக இருக்கும், ஆனால் என்ன விற்றது என்று தெரியாது. அந்தப் பொதுக் குறியீட்டையே எடுத்துவிட்டால் அவர்கள் வேறொரு ஷேடை அதற்குப் பயன்படுத்தத் தொடங்குவார்கள், அது இதைவிட மோசம். எந்த மணி நேரத்தில், எந்த பில் மேசையில் அது அதிகம் விழுகிறது என்று பாருங்கள். எங்களுக்கு மாலை 6 முதல் 8 வரைதான். அந்த இரண்டு மணி நேரம் வெட்டுகிற மேசையிலேயே ஷேடு எண்ணும் மீட்டரும் எழுதிய சீட்டைத் துணியோடு அனுப்பச் சொன்னோம். ஒரே வாரத்தில் முதலிடத்திலிருந்து அது இறங்கிவிட்டது.

எந்த நிறம் ஓடுகிறது என்றே ரிப்போர்ட்டில் தெரியவில்லை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் வியாபாரமே நிறம். வருகிறவர்கள் புடவையை விரித்துக் காட்டி "எம்.எஸ். ப்ளூ குடுங்க", "அரக்கு குடுங்க", "கிளிப் பச்சை இல்ல, ராமர் பச்சை" என்றுதான் கேட்கிறார்கள். மில் அட்டையில் இருப்பது வெறும் எண். பொருளைப் பதிவு செய்யும்போது ஒருவர் மயில் கழுத்து என்று போட்டிருப்பார், இன்னொருவர் பீகாக் என்று போட்டிருப்பார், மூன்றாமவர் எண்ணை மட்டும் போட்டிருப்பார். மூன்றும் ஒரே நிறம். ரிப்போர்ட்டில் மூன்றும் தனித்தனியாகச் சிதறி, ஒன்றுகூட முதல் ஐம்பதுக்குள் வராது. உண்மையில் மூன்றையும் கூட்டினால் அதுதான் கடையிலேயே அதிகம் ஓடுவதாக இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். ஷேடு எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள், அது மறு ஆர்டருக்கு வேண்டும். கூடுதலாக ஒரு கட்டத்தில் நிறக் குடும்பம் என்று சேருங்கள். சிவப்பு, அரக்கு, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், ஊதா, பிங்க், சந்தனம், சாம்பல், கறுப்பு, வெள்ளை என்று பன்னிரண்டு போதும். அதிகம் பிரிக்காதீர்கள், பிரித்தால் மறுபடி சிதறும். எந்த ஷேடு எந்தக் குடும்பம் என்பதை ஒரே ஆள், பகல் வெளிச்சத்தில், ஒரே நாளில் உட்கார்ந்து முடிக்க வேண்டும். ட்யூப் லைட்டில் வாடாமல்லி ஊதாவாகவும் தெரியும், பிங்காகவும் தெரியும்.

இதை முடித்து ஒரு வருடம் ஓடவிட்டுக் குடும்பவாரி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தபோது எனக்கு ஊரே தெரிந்தது. ஆடியில் மஞ்சள் ஏறுகிறது, மாரியம்மன் கோவில்களுக்கு. கார்த்திகையில் கறுப்பும் நீலமும், சபரிமலைக்கு மாலை போடுகிற வீடுகளில் வயதான அம்மாக்களும் சிறுமிகளும் போகிறார்கள் அல்லவா. மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் மற்றதெல்லாம் படுத்துவிட, சிவப்பு மட்டும் தனியாக நிமிர்கிறது, அது மேல்மருவத்தூர் செவ்வாடை. தைப்பூசத்துக்கு முன்னால் பழநி பாதயாத்திரைக்குப் பச்சையும் காவியும். இதெல்லாம் எங்கள் அப்பாவுக்கு மனப்பாடம், ஆனால் எத்தனை மீட்டர் என்று அவரால் சொல்ல முடியாது. இப்போது அதைச் சொல்ல முடிகிறது, பேலுக்கு ஆறு வாரம் முன்னாலேயே எழுதிப் போட முடிகிறது.

ஒரு எச்சரிக்கை. அதே ஷேடு எண்ணில் அடுத்த முறை வருகிற துணி சாயத்தில் ஒரு இழை மாறியிருக்கலாம். பழைய தானும் புதுத் தானும் ஒரே பார்கோடில் இருந்தால், ஒரு ரவிக்கைக்கு உடம்புத் துணி ஒன்றிலும் கைத் துணி ஒன்றிலும் போய்விடும். திருப்பிக் கொடுத்த பில்கள் ஒரே ஷேடில் குவிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். புது வரத்துக்கு எண்ணோடு ஒரு எழுத்துச் சேர்த்துத் தனிக் குறியீடு போடுங்கள்.

சென்ற வருடத்தைவிட விற்பனை விழுந்துவிட்டதாகக் காட்டுகிறது

பதறுவதற்கு முன் காலண்டரை எடுங்கள். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. மென்பொருள் நவம்பரோடு நவம்பரை ஒப்பிடும். 2024 நவம்பரில் தீபாவளியே இல்லை, அப்புறம் எப்படி 2023-ஐ எட்டும்?

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தையல்காரர்கள் பண்டிகைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னாலேயே ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள், அதனால் மேட்சிங் கடையின் உச்சம் புடவைக் கடையின் உச்சத்துக்கு முன்பே வந்து போய்விடும். ஆங்கில மாதத்தை விட்டுவிட்டு, தீபாவளிக்கு முந்தைய 45 நாள் என்று தேதி கொடுத்து இரண்டு வருடத்துக்கும் எடுங்கள். முகூர்த்த காலத்துக்குத் தமிழ் மாதத் தேதிகளைக் கொடுங்கள். இப்படி எடுத்த பிறகும் குறைவாக இருந்தால் அது உண்மையான குறைவு. மீட்டர் குறைந்ததா, பில் எண்ணிக்கை குறைந்ததா என்று அடுத்து பாருங்கள். பில் எண்ணிக்கை குறைந்திருந்தால் ஆள் வரத்துக் குறைந்திருக்கிறது, அல்லது வந்தவர்கள் கேட்டது இல்லாமல் திரும்பியிருக்கிறார்கள்; மீட்டர் மட்டும் குறைந்திருந்தால் ஆள் வந்து, முன்பைவிடக் குறைவாக வாங்கிப் போயிருக்கிறார்கள்.

விற்பனையே இல்லாத ஷேடுகள் பட்டியல் நீளமாக வருகிறது

இந்தப் பட்டியலை வைத்து அப்படியே ஆடித் தள்ளுபடியில் போட்டுவிடாதீர்கள். பக்கத்தில் கையிருப்பையும் சேர்த்து எடுங்கள். 90 நாள் விற்பனை பூஜ்யம், கையிருப்பு 40 மீட்டர் என்றால் அது ஓடாத துணி. விற்பனை பூஜ்யம், கையிருப்பும் 30 சென்டிமீட்டர் என்றால் அது ஓடித் தீர்ந்த துணி, நீங்கள்தான் மறு ஆர்டர் போடவில்லை. எங்களிடம் வெந்தயக் கலர் ஒன்று நான்கு மாதம் இப்படி "ஓடாத" பட்டியலில் இருந்தது. சின்னாளபட்டிச் சுங்குடிப் புடவைக்கு வாரத்துக்கு இரண்டு பேர் அதைக் கேட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

கேட்டு இல்லாமல் போனது எந்த ரிப்போர்ட்டிலும் வராது. அதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்றுதான் மருந்து. வெட்டுகிற மேசையில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம், "இல்லை" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் தேதி, நிறம், எத்தனை மீட்டர் என்று ஒரு வரி. சனிக்கிழமை இரவு அந்த நோட்டையும் பூஜ்ய விற்பனைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பேன்.

விற்பனை நன்றாக இருக்கிறது, கையில் பணம் நிற்கவில்லை

பெரும்பாலும் பணம் அலமாரியில் படுத்திருக்கும். மார்ஜின் சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். 60 ரூபாய்க்கு வாங்கி 90-க்கு விற்றால் 30 ரூபாய் லாபம், வாங்கிய விலைக்கு அது 50 சதவீதம், விற்ற விலைக்கு 33. மென்பொருள் எதைக் காட்டுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், இரண்டையும் கலந்து பேசினால் தள்ளுபடியே தப்பாகப் போகும்.

அப்புறம் இந்தக் கணக்கைப் போடுங்கள். ஒரு வகைத் துணியில் வருடத்துக்கு வந்த லாபத்தை, அந்த வகையில் சராசரியாக முடங்கியிருந்த பணத்தால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, சாதா டூ பை டூவில் சராசரி இருப்பு 6,000 ரூபாய், வருட லாபம் 18,000. போட்ட ஒரு ரூபாய்க்கு 3 ரூபாய். ப்ரொகேடில் மீட்டருக்கு 150 ரூபாய் லாபம், கேட்கவே இனிக்கிறது, ஆனால் இருப்பு 40,000, வருட லாபம் 30,000. ஒரு ரூபாய்க்கு 75 பைசா. ப்ரொகேடை விட்டுவிடச் சொல்லவில்லை. கல்யாண வீட்டார் ப்ரொகேடுக்காகத்தான் உள்ளே வருகிறார்கள். ஆனால் கொள்முதலுக்குப் போகும்போது கையிலிருக்கும் பணத்தில் முதலில் சாதாத் துணி ஷேடுகளை நிரப்பிவிட்டு, மிச்சத்தில் ப்ரொகேட் பார்க்கலாம்.

லாப ரிப்போர்ட் நம்ப முடியாதபடி இருந்தால், ஒரு மீட்டருக்கு 3,510 ரூபாய் நட்டம் என்பது போல, கொள்முதல் விலையில் 60 ரூபாய்க்குப் பதில் முழுத் தானின் 3,600 ஏறியிருக்கும். லாபம் எக்கச்சக்கமாக இருந்தால் அளவைப் பாருங்கள், 0.80 என்பது 8.0 என்று விழுந்திருக்கலாம்.

கல்லாவும் நாள் முடிவு ரிப்போர்ட்டும் ஒத்துப்போகவில்லை

பில் போடுகிற பிள்ளையைக் கூப்பிடுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள். ரொக்கம் எவ்வளவு குறைகிறதோ அதே தொகை யு.பி.ஐ.யில் கூடுதலாக இருந்தால் பட்டன் மாறி அழுத்தியதுதான். வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 540-ஐ 450 என்று அடித்தால் 90 வரும். டெய்லர் அக்காக்கள் லைனிங்கைப் பற்றில் எடுத்துப் போவார்கள், அது ரொக்கமாக விழுந்திருக்கிறதா பாருங்கள். ரத்தான பில் ரிப்போர்ட்டைக் கடைசியாக எடுங்கள். பத்தில் ஒன்பது முறை முதல் மூன்றிலேயே விடை கிடைத்துவிடும், காரணம் தெரியாமல் ஒரு பிள்ளையிடம் கேட்டுவிட்ட கேள்வியைத் திரும்ப வாங்க முடியாது.

ஜி.எஸ்.டி. தொகை இடிக்கிறது

நம் மீட்டர் துணிக்கு 5 சதவீதம். விலை வரியோடு சேர்த்ததா, தனியா என்று பொருளில் பதிவாகியிருப்பதைப் பாருங்கள். 105 ரூபாய் வரி உட்பட என்றால் அதில் வரி 5 ரூபாய். தனி என்று பதிவாகியிருந்தால் வாடிக்கையாளரிடம் 110.25 கேட்கும். ரெடிமேட் ரவிக்கையும் விற்கிறீர்கள் என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. அதற்கு முன் 1,000 ரூபாய்க்கு மேல் 12 என்று இருந்தது, பழைய பொருள்களில் அந்த 12 இன்னும் மாறாமல் உட்கார்ந்திருக்கும். வரி விகிதவாரி விற்பனை ரிப்போர்ட் எடுத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் உங்கள் ஆடிட்டரிடம் அந்த ஒரு பக்கத்தைக் காட்டிவிடுங்கள்.

பில் நிறைய, ஒவ்வொன்றும் சின்னது

ஒரு பில்லுக்கு எத்தனை பொருள் என்று எடுங்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் ரவிக்கைத் துணி மட்டும் போகிறது, லைனிங்கும் ஃபால்ஸும் வேறு கடையில் வாங்குகிறார்கள். சில்க் காட்டன், ப்ரொகேட் போன பில்களை மட்டும் பிரித்து, அவற்றில் எத்தனையில் லைனிங் இருக்கிறது என்று பாருங்கள், அந்தத் துணிகளுக்குப் பெரும்பாலும் லைனிங் இல்லாமல் தைக்க மாட்டார்கள். எங்களுக்குப் பாதிகூட இல்லை. காரணம் ரிப்போர்ட்டில் இல்லை, கடையில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது: லைனிங் மாடியில் இருந்தது. வயதானவர்கள் படியேறத் தயங்கி, "அப்புறம் வாங்கிக்கறேன்மா" என்று கிளம்பிவிடுவார்கள். அதிகம் ஓடுகிற முப்பது லைனிங் ஷேடை மட்டும் கீழே வெட்டுகிற மேசைக்குப் பின்னால் கொண்டுவந்து அடுக்கினோம், எந்த முப்பது என்பதை நிறக் குடும்ப ரிப்போர்ட்டிலிருந்தே எடுத்தோம்.